நீதியரசர் நியமனமும் வாக்குக் கணக்கும்

(மட்டக்களப்பு வாவிக்கரையில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



நீதிபதிகளும் பெரும் பதவியாளரும் நியமிக்கப்படும் முறை பற்றியும், அவ்விடயத்தில் பாராளுமன்றத்திலும் அதனைச் சார்ந்த சபைகளிலும் வாக்குகள் எண்ணப்படும் விதம் பற்றியும் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இக்கூட்டத்துக்கு வரும் வழியில், துறையடியிலே, படுவான்கரை விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, கொழும்பிலே யார் நீதியரசராக வந்தால் எனக்கென்ன? குளத்துக் கட்டு உடையாமல் இருந்தால் எனக்குப் போதும்." நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கப் போவதில்லை. ஆனால், முதலிலே கணக்கைப் பார்ப்போம்.

கணக்கு என்பது நமக்குப் புதிதன்று. நமது மூதாதையர் களவெட்டியிலே சூடடித்து, தூற்றி, பதர் நீக்கி, அதன் பின்னரே மரைக்காலைக் கையிலெடுத்தனர். அளப்பவன் ஒருவன், பார்த்து நிற்பவர் பலர். போடியாரும் அங்கே நிற்பார், முல்லைக்காரனும் நிற்பான். பதரைப் பொலியோடு சேர்த்து அளந்து, "அவணம் நிறைந்துவிட்டது" என்று ஒருவன் சொன்னால் அவன் மறு போகத்துக்கு அந்த வட்டைக்குள் கால் வைக்க முடியாது. அளவு நேர்மையாக நடைபெற வேண்டுமாயின் மூன்று காரியங்கள் வேண்டும் என்பது அந்தக் களவெட்டி நமக்குக் கற்பித்த பாடம். தூற்றிய பின்னரே அளக்க வேண்டும். நெல்லை மட்டுமே அளக்க வேண்டும். எல்லோரும் காண அளக்க வேண்டும். இம் மூன்றையும் மனத்திலே வைத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்.

நமது நாட்டிலே அரசியலமைப்புப் பேரவை என்றொரு சபை உண்டு. சபாநாயகர் அதன் தலைவர். பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், வேறு பாராளுமன்ற உறுப்பினர்கள், பாராளுமன்றத்துக்கு வெளியிலுள்ள சான்றோர் மூவர், ஆகப் பத்துப் பேர். 2001ஆம் ஆண்டிலே 17ஆம் திருத்தத்தினால் பிறந்த சபை இது. 2010 செப்டெம்பரில் 161 வாக்குகளுக்கு எதிராக 17 வாக்குகள் மட்டுமே கிடைத்த நிலையில், 18ஆம் திருத்தம் இதனை ஒழித்தது. 2015இலே 19ஆம் திருத்தம் மீண்டும் உயிர்ப்பித்தது. 2020இலே 20ஆம் திருத்தம் மறுபடியும் ஒழித்தது. 2022 ஒக்டோபரில் 179 வாக்குகளுக்கு ஒரே ஒரு வாக்கு எதிராக நிறைவேறிய 21ஆம் திருத்தம் இன்னொரு முறை உயிர்ப்பித்தது. ஒரு வேலியை இத்தனை முறை பிடுங்கி நடுகிறார்கள் என்றால், அந்த வேலி யாருடைய மாட்டையோ தடுக்கிறது என்பது விளங்குகின்றதல்லவா?

பிரதம நீதியரசரையும், உயர் நீதிமன்ற நீதியரசர்களையும், மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைவரையும் நீதியரசர்களையும், சட்டமா அதிபரையும், பொலிஸ் மா அதிபரையும் ஜனாதிபதி தம் விருப்பப்படி நியமித்துவிட முடியாது. பெயரை இப்பேரவைக்கு அனுப்ப வேண்டும். பேரவை அங்கீகரிக்க வேண்டும். அங்கீகாரம் எப்படிப் பெறப்படும்? முடிந்தவரை ஏகமனதாக முடிவெடுக்க முயல வேண்டும். இயலாவிடின் கூட்டத்துக்கு வந்திருப்போரில் குறைந்தது ஐவரின் ஆதரவு வேண்டும். சபாநாயகருக்கு முதல் வாக்கு இல்லை. இரு பக்கமும் சமமாக நின்றால் மட்டுமே அவர் தீர்மானிக்கும் வாக்கை இடலாம். அரசியலமைப்பு வகுத்த அளவுகோல் இது. இதைப் புரிந்துகொள்வதற்குச் சட்டத்தரணியாக இருக்க வேண்டியதில்லை. விரல்விட்டு எண்ணத் தெரிந்தால் போதும்.

2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 26ஆம் திகதி இப்பேரவையின் முன் தேசபந்து தென்னகோன் அவர்களின் பெயர் வந்தது. அவரைப் பொலிஸ் மா அதிபராக நிரந்தரமாக்க வேண்டும் என்பது அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அவர்களின் விருப்பம். அதற்குச் சில வாரங்களுக்கு முன், 2023 டிசெம்பரிலே, சித்திரவதை வழக்கொன்றில் இவர் குடிமகன் ஒருவரின் அடிப்படை உரிமையை மீறினார் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பேரவையிலே வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 4. எதிர்ப்பு 2. வாக்களியாது இருந்தோர் 2.

பெரியோர்களே, நீங்களே எண்ணுங்கள். ஐந்து வேண்டும், நான்குதான் உண்டு. எனவே அங்கீகாரம் இல்லை. சபாநாயகர் வாக்கிடலாமா? சமம் என்றால் இடலாம். நான்கும் இரண்டும் சமமாகுமா? ஆகாது. ஆயினும் நியமனம் நடந்தது. எவ்வாறு? வாக்களியாத இருவரையும் எதிர்த்தவர்களோடு சேர்த்து நான்குக்கு நான்கு எனக் கணக்கிட்டு, சமநிலை ஏற்பட்டதாகக் கொண்டு, சபாநாயகரின் வாக்கை ஐந்தாவது வாக்காக வைத்தனர்.

இதிலுள்ள விசித்திரத்தைக் கவனியுங்கள். ஒரு பெயரை வெற்றிபெறச் செய்ய விரும்புகிறவன் ஆதரவைக் கூட்ட முயல்வான். எதிர்ப்பைக் குறைக்க முயல்வான். இங்கே நடந்தது நேர் மாறு. எதிர்ப்பை இரண்டிலிருந்து நான்காக வளர்த்தனர். எதிரியைப் பெருக்கி வெற்றி கண்ட அதிசயம் வேறெங்கே உண்டு? உண்மையான எதிர்ப்பு இரண்டாகவே இருந்தால் அந்தப் பெயர் தோற்கும். எதிர்ப்பு இரட்டிப்பானால் அது வெல்லும்! பதரை அள்ளி எதிர்த்தட்டிலே போட்டுத் தராசைச் சமப்படுத்தி, அதன் பின்னர் தன் விரலால் மறுதட்டை அழுத்தும் வணிகனின் வித்தை இது.

எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாச அவர்கள் இதனைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அவ்வாண்டு மார்ச் மாதம் சபாநாயகர் மஹிந்த யாப்பா அபேவர்தன அவர்களுக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது; அது 75 வாக்குகளுக்கு 117 என்ற கணக்கில் தோற்கடிக்கப்பட்டது. ஆகவே அந்தப் பிரேரணையும் கணக்கினாலேயே வீழ்ந்தது. விடயம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2024 ஜூலை 24ஆம் திகதி அந்த நீதிமன்றம், தென்னகோன் அவர்கள் பொலிஸ் மா அதிபராகக் கடமையாற்றக்கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தது.

"இது பொலிசின் கதை, நீதிபதியின் கதை அன்றே" என்று நீங்கள் கேட்கலாம். நண்பர்களே, பொலிஸ் மா அதிபருக்கு எந்த மரைக்காலோ, பிரதம நீதியரசருக்கும் அதே மரைக்கால்தான். அதே பத்துப் பேர், அதே ஐந்து வாக்கு, அதே தீர்மானிக்கும் வாக்கு. இன்று பொலிசுக்கு அளந்த கை நாளை நீதியாசனத்துக்கு அளக்காதென்று யார் உறுதி சொல்ல முடியும்? அப்படியொரு கணக்கினால் வந்த நீதியரசரிடமே அந்தக் கணக்கு சரியா என்று கேட்டு நாம் வழக்குத் தொடர வேண்டிய நாள் வந்தால், நமது கதி என்ன?

மௌனத்தை எப்படி எண்ணுவது என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. பாக்கு நீரிணைக்கு அப்பாலும் அது எழுந்திருக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றத்தில் வீ. இராமசாமி என்ற தமிழர் நீதிபதியாக இருந்தார். முன்னர் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த காலத்தில் அரசாங்கப் பணத்தை வீண் செலவு செய்தார் என்பது அவர் மீதிருந்த குற்றச்சாட்டு. மூன்று நீதிபதிகள் கொண்ட குழு விசாரித்து, 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபிக்கப்பட்டதாக அறிக்கை கொடுத்தது. 1993 மே 11ஆம் திகதி லோக் சபையிலே பதவி நீக்கப் பிரேரணை வாக்குக்கு விடப்பட்டது. ஆதரவு 196. எதிர்ப்பு பூச்சியம். ஆம், ஒருவர்கூட எதிர்க்கவில்லை. ஆனால் ஆளும் காங்கிரசைச் சேர்ந்தோரும் அதன் தோழமைக் கட்சியினருமாக 205 பேர் சபையிலே அமர்ந்தபடி வாக்களியாது இருந்துவிட்டனர். சபையின் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தாக வேண்டும் என்பது அங்கே விதி. 196 அந்த எல்லையைத் தொடவில்லை. பிரேரணை தோற்றது. நீதிபதி பதவியிலே தொடர்ந்து இருந்து அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார்.

டில்லியிலே மௌனத்தை யாரும் எதிர்வாக்காகப் பொய்க்கணக்கு எழுதவில்லை. எண்ணியது சரியாகவே எண்ணப்பட்டது. ஆயினும் 205 பேர் தம் மனத்தை மறைத்துக்கொண்டு காரியத்தைச் சாதித்தனர். "நான் அவரைக் காப்பாற்றினேன்" என்று சொல்லும் துணிவும் இல்லை. "நான் அவரை நீக்கினேன்" என்று சொல்லும் நேர்மையும் இல்லை. கொழும்பிலே அளந்தவன் கை பிழைத்தது. டில்லியிலே களவெட்டிக்கு வந்தவர்களே பொலியை மூடி வைத்துவிட்டனர்.

இனி, இவ்விரண்டிலும் பெரிய பிழையொன்றைச் சொல்கிறேன். அதிலே கணக்குத் தவறவில்லை. மௌனமும் காரியத்தைக் கெடுக்கவில்லை. அப்படியிருந்தும் நீதி செத்தது.

2012ஆம் ஆண்டிலே திவிநெகும என்றொரு சட்டமூலம் வந்தது. சமுர்த்தி முதலாய அமைப்புகளை ஒன்றாக்கி, கிராம அபிவிருத்தியை மத்திய அமைச்சொன்றின் கையிலே குவிப்பது அதன் நோக்கம். இது மாகாண சபைகளுக்கு உரிய விடயத்தைத் தொடுகிறது, ஆகையால் அச்சபைகளின் கருத்தைப் பெற வேண்டும் என்று பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க அவர்களின் தலைமையில் உயர் நீதிமன்றம் கூறியது. நமது கிழக்கு மாகாண சபை உட்பட எட்டுச் சபைகள் இசைந்தன. வடக்கிலே அப்போது சபையே இல்லை. சபைக்குப் பதிலாக ஆளுநர் இசைவு தர முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ் மக்களின் கையிலே எஞ்சியிருந்த சிறு அதிகாரத்தையும் மக்கள் தெரிவு செய்யாத ஒருவர் எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது என்ற அந்தத் தீர்ப்பின் பெறுமதியை நாம் மறக்க முடியாது.

அதே நாட்களில், 2012 நவம்பர் மாதத் தொடக்கத்தில், பிரதம நீதியரசரைப் பதவி நீக்கக் கோரி 117 உறுப்பினர் கையெழுத்திட்ட பிரேரணை சபாநாயகரிடம் கையளிக்கப்பட்டது. பதினொரு பேர் கொண்ட தெரிவுக்குழு அமைந்தது. எழுவர் ஆளுங்கட்சியினர், நால்வர் எதிர்க்கட்சியினர். அந்நால்வரில் ஒருவர் நமது கிழக்கு மண்ணின் மூத்த தலைவர் இரா. சம்பந்தன் அவர்கள். விசாரணை நடந்த முறையைப் பொறுக்க மாட்டாது பிரதம நீதியரசர் வெளியேறினார். மறுநாள் எதிர்க்கட்சியினர் நால்வரும் வெளியேறினர். எஞ்சிய எழுவர் உடனேயே அறிக்கையை முடித்து, மூன்று குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின என்றனர்.

குற்றஞ்சாட்டிய கட்சியே விசாரித்தது. விசாரித்த கட்சியே தீர்ப்பெழுதியது. ஒரு நீதியரசரின் குற்றத்தை முடிவு செய்யும் அதிகாரத்தை நிலையியற் கட்டளையினால் தெரிவுக்குழுவுக்கு வழங்க முடியாது, அதற்குச் சட்டம் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2013 ஜனவரியில் கூறியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் ஜனவரி 7ஆம் திகதி அந்த அறிக்கையை இரத்துச் செய்தது. பாராளுமன்றம் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. ஜனவரி 8ஆம் திகதி திவிநெகும நிறைவேறியது. ஜனவரி 11ஆம் திகதி பதவி நீக்கப் பிரேரணை வாக்குக்கு வந்தது. ஆதரவு 155. எதிர்ப்பு 49. ஐக்கிய தேசியக் கட்சியும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் எதிர்த்து நின்றன. ஆனால் 225 பேர் கொண்ட சபையிலே 113 பேர் போதும். 155 பேர் இருந்தனர். கணக்கு முற்றிலும் சரி! ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ அவர்கள் இரண்டு நாளில் கையெழுத்திட்டார். முன்னாள் சட்டமா அதிபரும் அமைச்சரவையின் சட்ட ஆலோசகருமான மொஹான் பீரிஸ் அவர்கள் ஜனவரி 15ஆம் திகதி அந்த ஆசனத்தில் அமர்ந்தார். அந்த நியமனத்தை மறுக்கும் அதிகாரம் கொண்ட பேரவை அப்போது இல்லை. 2010இலேயே அதை ஒழித்துவிட்டார்களே.

இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த 18ஆம் திருத்தத்துக்குப் பொதுசன வாக்கெடுப்பு வேண்டியதில்லை என்று 2010இலே கூறிய நீதியரசர் குழாத்துக்குத் தலைமை தாங்கியவரும் ஷிராணி பண்டாரநாயக்க அவர்களே. வேலியைப் பிடுங்க அன்று இடங்கொடுத்தவரின் பயிரையே பின்னர் மாடு மேய்ந்தது. இதை நான் இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. பிறருக்காக நிற்கும் வேலி ஒருநாள் நமக்காகவும் நிற்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

2015 ஜனவரி 28ஆம் திகதி, முந்திய பதவி நீக்கம் சட்டப்படி செல்லாது என்ற நிலைப்பாட்டில் புதிய அரசாங்கம் அவரை மீண்டும் ஆசனத்தில் அமர்த்தியது. மறுநாளே அவர் ஓய்வு பெற்றார். ஜனவரி 30ஆம் திகதி தமிழரான க. சிறிபவன் அவர்கள் பிரதம நீதியரசரானார். நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சிந்தியுங்கள்: ஒரு பிரதம நீதியரசரை 155 வாக்குகள் இறக்கின; இன்னொருவரை ஒரு கடிதம் இறக்கியது. ஆளுங்கட்சி மாறும்போதெல்லாம் நீதியாசனமும் ஆடுமாயின், அதிலே அமர்பவர் தமிழரா சிங்களவரா முஸ்லிமா என்பது என்ன பயனைத் தரும்?

சரியான வழிதான் எது? அதுவும் நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. நான் முன்னர் கூறிய அதே தென்னகோன் அவர்களை நீக்குவதற்கு 2025இலே பாராளுமன்றம் முற்பட்டது. 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி, உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர், அவரும் தம் சட்டத்தரணிகளோடு தோன்றினார். குழு குற்றவாளி எனக் கண்ட பின்னரே, ஆகஸ்ட் 5ஆம் திகதி சபை வாக்களித்தது. ஆதரவு 177, எதிர்ப்பு இல்லை, ஒருவர் வாக்களிக்கவில்லை. அந்த ஒருவரை யாரும் இழுத்து எந்தப் பக்கத்திலும் சேர்க்கவில்லை. முதலில் தூற்றினர், பின்னர் அளந்தனர்.

இதிலே ஒரு முரண்பாடு கண்ணுக்குத் தெரிகிறதா? பொலிஸ் மா அதிபரை நீக்க வேண்டுமாயின் நீதியரசர் விசாரிக்கச் சட்டம் உண்டு. நீதியரசரையே நீக்க முற்பட்ட 2013இலோ, விசாரித்தவர்கள் அரசியல்வாதிகள்! பொலிசுக்குக் கிடைத்த நீதி நீதியரசருக்குக் கிடைக்கவில்லை.

இப்போது துறையடியிலே கேட்ட அந்த விவசாயிக்கு விடை சொல்கிறேன்.

ஐயா, உமது ஆரம்பக் கூட்டத்திலே விதைப்புத் திகதியும் நீர் திறக்கும் திகதியும் தீர்மானிக்கிறீர்கள். உன்னிச்சைக் குளத்து நீர் எந்த வட்டைக்கு எப்போது என்று முடிவாகிறது. அங்கே வாய் திறவாது இருந்தவர் கைகளையெல்லாம் ஒரு பக்கத்தில் சேர்த்து எண்ணினால் நீர் பொறுப்பீரா? மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரையை இழந்த நமது பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரிலே சித்தாண்டியில் வீதியோரத்தில் அமர்ந்தார்கள். அவர்கள் வீதியை மட்டும் நம்பவில்லை, நீதிமன்றத்தையும் நாடினார்கள். ஏன்? பாராளுமன்றத்திலே மட்டக்களப்பு மாவட்டத்துக்கு ஆசனம் ஐந்து, 225இலே ஐந்து. எண்ணிக்கையால் நாம் எந்நாளும் வெல்ல முடியாது. எண்ணிக்கை குறைந்தவனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே இடம், தலைகளை எண்ணாமல் நியாயத்தை எடைபோடும் இடம். அதுவே நீதிமன்றம். அந்த இடத்துக்குள்ளும் எண்ணிக்கை புகுந்துவிட்டால் நமக்குப் போக்கிடம் ஏது?

அதே செப்டெம்பர் மாதத்திலே முல்லைத்தீவு நீதிபதி ரீ. சரவணராஜா அவர்கள், உயிர் அச்சுறுத்தலும் மன அழுத்தமும் காரணம் என்று எழுதி வைத்துவிட்டுப் பதவி துறந்து நாட்டை விட்டே சென்றார். குருந்தூர்மலை வழக்கை விசாரித்தவர் அவர். ஒரு நீதிபதி அஞ்சினால் ஒரு மாவட்டமே அநாதையாகிறது. ஆகவே கொழும்பிலே நீதியாசனத்துக்கு யார் வருகிறார், எவ்வாறு வருகிறார், அவரை யார் இறக்கலாம் என்பது உமது குளத்துக் கட்டைப் போன்றதே. கட்டிலே நண்டு துளை போடும்போது பார்த்திருந்துவிட்டு, வெள்ளம் வயலிலே ஏறிய பின் மண்வெட்டியைத் தேடிப் பயனில்லை.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று: அரசியலமைப்புப் பேரவையின் ஒவ்வொரு வாக்கெடுப்பின் முடிவும், யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார், யார் ஒதுங்கினார் என்ற விபரத்துடன் மக்களுக்கு வெளியிடப்பட வேண்டும். இரண்டு: வாக்களியாமை எந்தப் பக்கத்து வாக்கும் ஆகாது என்பது ஐயத்துக்கு இடமின்றி எழுத்திலே வர வேண்டும். மூன்று: நீதியரசர் மீது குற்றச்சாட்டு எழுந்தால் அதை நீதித்துறையில் அனுபவமுடைய, கட்சி சாராதோர் விசாரிக்கத் தனிச்சட்டம் வேண்டும், அவர்கள் குற்றம் கண்ட பின்னரே பாராளுமன்றம் கை உயர்த்த வேண்டும்.

இவற்றைக் கேட்பதற்கு நமக்கு ஐந்து உறுப்பினர் இருக்கிறார்கள். அவர்கள் எக்கட்சியினராயினும் சரி, அடுத்த முறை உங்கள் ஊருக்கு வரும்போது வீதிக்கும் பாலத்துக்கும் மட்டும் மனுக் கொடுத்து அனுப்பாதீர்கள். "நீதியரசர் விடயத்திலே நீர் எப்படி வாக்களித்தீர்? வாக்களியாது இருந்தீராயின் ஏன்?" என்று கேளுங்கள். சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, வைத்தியர்களே, அந்தக் கேள்வியை விவசாயியின் பக்கத்தில் நின்று நீங்களும் கேளுங்கள். அளப்பவன் கை நேராக நிற்பது பார்த்து நிற்பவர்களின் கண்ணாலேதான். நாம் களவெட்டியை விட்டு அகலாது நிற்போம்.